ஒரு கூரையின் கீழ் இரண்டு ஓவியர்: தாக்கத்தை எங்கே தேடுவது?

கணவனும் மனைவியும் ஓவியர்களாக இருந்து ஒன்றாகக் கண்காட்சி வைத்தால், பார்க்க வருபவர்கள் இரண்டு சுவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, யார் யாரைப் பார்த்துக் கீறியது என்று கேட்பார்கள். திருகோணமலையில் இந்தக் கேள்விக்கு இடம் அதிகம். இருவரும் சித்திர ஆசிரியராக இருந்து, பாடசாலை விட்டு வந்து ஒரே விறாந்தையில் தூரிகை எடுப்பது இங்கே புதுமையில்லை. கேட்டவரே பதிலையும் வைத்திருப்பார்: பெயர் பெற்றவரிடமிருந்து பெயர் பெறாதவருக்கு, அதாவது பெரும்பாலும் கணவரிடமிருந்து மனைவிக்கு. படத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதால்தான் இந்தப் பதில் அடிக்கடி பிழைத்துப் போகிறது. எந்த அறையில் கீறியது, யன்னல் எந்தத் திசை, கன்வஸ் எவ்வளவு பெரிது, பெயின்ற் யார் காசில் வந்தது, எந்த மாதம் என்று முதலில் விசாரித்தால், தாக்கம் என்று நாம் நினைத்தவற்றில் பல அங்கேயே விளங்கிவிடும். அதன் பிறகு மிஞ்சுவதுதான் ஒருவர் மற்றவருக்கு உண்மையில் கொடுத்தது.

இந்தப் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூயோர்க்கில் ஒரு சான்று உண்டு. 1949 இல் சிட்னி ஜானிஸ் கலைக்கூடம் தம்பதியரான ஓவியர்களைச் சோடி சோடியாக வைத்துக் கண்காட்சி நடத்தியது. அமெரிக்க அரூப ஓவியர்களான லீ கிறாஸ்னரும் அவருடைய கணவர் ஜக்சன் பொலொக்கும் அதில் ஒரு சோடி. கிறாஸ்னர் கணவரின் பெயின்றையும் எனாமலையும் எடுத்து, அவருடைய கட்டற்ற கோடுகளை ஒழுங்கான சின்னச் சதுரங்களும் முக்கோணங்களும் ஆக்கிவிடுகிறார் என்ற பொருளில் கலைச் சஞ்சிகை ஒன்று எழுதியது. மனைவிமார் கணவன்மாரின் பாணியைத் துப்புரவாக்குபவர்கள் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. அது அநியாயமான வாசிப்பு மட்டுமல்ல, தரவோடும் பொருந்தாதது.

வீட்டிலிருந்து தொடங்குவோம். இருவரும் 1945 ஒக்ரோபரில் மணந்து, நவம்பரில் லோங் ஐலண்டின் ஸ்பிறிங்ஸ் கிராமத்துப் பழைய வீடொன்றுக்குக் குடிபோனார்கள். முற்பணமாகக் கொடுத்த 2,000 டொலர், பொலொக்கின் படங்களை விற்ற கலைக்கூட உரிமையாளர் பெகி குகன்ஹைம் தந்த கடன். தொடக்கத்தில் மாடி அறையில் பொலொக், கீழே பின்னறையில் கிறாஸ்னர். 1946 இல் வளவிலிருந்த களஞ்சியக் கொட்டகையை இடம் பெயர்த்துப் பொலொக் தன் பட்டறையாக்கினார். காலியான மாடிப் படுக்கையறை கிறாஸ்னருக்கு வந்தது. 1946 முதல் 1950 வரை அவர் தீட்டிய ‘சிறு உருவங்கள்’ வரிசையில் பெரும்பாலான படங்கள் ஒரு மீற்றருக்குள் அடங்குபவை. அதே காலத்தில் கொட்டகைத் தரையில் விரிந்த கணவரின் கன்வஸ்கள் நீண்டுகொண்டே போய், 1950 இன் ‘ஒன்று: இலக்கம் 31’ ஏறத்தாழ 2.7 மீற்றர் உயரமும் 5.3 மீற்றர் அகலமுமாக நின்றது. படுக்கையறையில் கையின் வீச்சு மணிக்கட்டோடும் முழங்கையோடும் நின்றுவிடும். கொட்டகையில் தோளும் இடுப்பும் காலும் சேர்ந்து கோடு போடும். சதுரம் சிறிதாக இருந்ததற்கு அடக்கமான பெண் மனம் காரணம் என்று சொல்லுமுன் அறையை அளந்திருக்க வேண்டும்.

அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதைத் திகதி சொல்லும். கிறாஸ்னர் 1937 இலேயே ஓவிய ஆசிரியர் ஹான்ஸ் ஹொஃப்மனிடம் சேர்ந்து, உருவத்தைத் தளத் துண்டுகளாக உடைத்துத் தீட்டும் கியூபிசப் பயிற்சி பெற்றவர். தளத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒன்றை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் தள்ளும் முறை அவருக்கு அங்கே கிடைத்தது. பொலொக்கோடு நெருக்கம் அதற்குப் பிறகு, ஒரே கண்காட்சியில் இருவரின் படங்களும் இடம்பெற்ற 1942 ஐ ஒட்டித்தான். மறுபக்கம், தரையில் விரித்த கன்வஸின் மேல் பெயின்றை ஊற்றும் பொலொக்கின் முறைக்குக் கிறாஸ்னரைக் காரணமாக்குவதும் சரிவராது. 1936 இல் மெக்சிக்கோ ஓவியர் சிக்கேரொஸ் நியூயோர்க்கில் நடத்திய பட்டறையில், தொழிற்சாலைப் பெயின்றை ஊற்றியும் தெறித்தும் பார்த்தவர்களில் பொலொக்கும் ஒருவர். இரண்டு பேருக்குமே மூலம் வெளியே இருந்திருக்கிறது. தம்பதியரைப் பற்றி எழுதும்போது அதிகம் மறந்துபோவது இந்த மூன்றாம் ஆளைத்தான்.

அப்படியானால் இவர்களுக்குள் பரிமாறப்பட்டது என்ன? நடுவென்று ஒன்றில்லாமல் படம் முழுவதையும் ஒரே அழுத்தத்தில் நிரப்பும் துணிச்சல் பொலொக்கின் பக்கமிருந்து வந்தது. ‘சிறு உருவங்கள்’ அதற்குச் சாட்சி. கிறாஸ்னரிடமிருந்து போனது கண். மத்தீஸையும் பிக்காசோவையும் ஊன்றிக் கற்ற ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. ஒரு படத்தைக் காட்டி, இது நல்லதா கெட்டதா என்று கேட்காமல், இது படம்தானா என்று பொலொக் தன்னிடம் கேட்டதாகக் கிறாஸ்னர் பின்னாளில் சொன்னார். அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில்கள் எந்தக் கன்வஸிலும் கோடாகத் தெரியாது. ஆனால் எது சுவருக்குப் போனது, எது மூலைக்குப் போனது என்பதைத் தீர்மானித்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு. தம்பதியருக்கிடையே நடக்கும் தாக்கத்தில் ஆகப் பெரிய பகுதி இந்த வகைதான் என்பது எங்கள் துணிபு.

பொருளாகவே கைமாறியதும் உண்டு. 1953 அளவில் கிறாஸ்னர் தன் கறுப்பு வெள்ளை வரைபுகளைக் கிழித்துப் போட்டு, பிறகு அந்தத் துண்டுகளை ஒட்டுப் படங்களாக்கத் தொடங்கினார். 1951 கண்காட்சியில் விலைபோகாத தன் கன்வஸ்களையே அவற்றுக்கு அடித்தளமாக்கினார். 1955 இன் ‘மொட்டைக் கழுகு’ என்ற படத்தில் பொலொக் கழித்துவிட்ட கன்வஸின் துண்டுகளும் இருக்கின்றன. கணவரின் கோடு அங்கே மனைவியின் கத்தரிக்கோலுக்கு அடங்கிய மூலப்பொருள். அதைப் பின்பற்றல் என்று எப்படிச் சொல்வது?

1956 ஓகஸ்ட் 11 இல் பொலொக் வாகன விபத்தில் இறந்தார். 1957 இல் கிறாஸ்னர் கொட்டகைக்கு மாறினார். அதே ஆண்டில் தீட்டிய ‘பருவங்கள்’ 2.35 மீற்றருக்கு 5.17 மீற்றர். அதே கைதான், அறை மாறியதும் அளவு மாறிவிட்டது. கன்வஸை அவர் தரையில் விரிக்கவில்லை, சுவரில் ஆணியால் அறைந்தார். அந்தத் தேர்வு அவருடையது. 1959 இலிருந்து நித்திரை வராத இரவுகளில் வேலை செய்தார். மின்வெளிச்சத்தில் நிறங்களைக் கையாளப் பிடிக்காததால் மண்ணிறத்தையும் வெள்ளையையும் மட்டும் வைத்துக்கொண்டார். துக்கத்தின் நிறம் என்று எழுதப்பட்ட அந்தப் படங்களுக்குத் துக்கத்தோடு ஒரு மின்குமிழும் காரணம்.

துணியிலிருந்து வந்த கோட்பாடு

ஓவியர்களான சோனியா, றொபேர்ட் டெலோனே தம்பதியரின் கதை வேறு விதம். இவர்கள் பாரிஸில் 1910 நவம்பரில் மணந்தார்கள்; 1911 ஜனவரியில் மகன் பிறந்தான். உக்ரேனில் பிறந்து சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் வளர்ந்த சோனியா, நாட்டுப்புற வீடுகளில் கண்ட முறையில் துணித்துண்டுகளை இணைத்துக் குழந்தைக்கு ஒரு போர்வை தைத்தார். இன்று அது பாரிஸின் நவீன ஓவிய அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. றொபேர்ட்டின் ‘யன்னல்கள்’ வரிசை 1912. அதற்கு முன் அவர் தீட்டிய ஈபெல் கோபுரங்களில் வடிவம்தான் உடைந்தது. ‘யன்னல்கள்’ நிறத்தாலேயே கட்டப்பட்டவை. இடையில் இருப்பது போர்வை. ஆகவே போர்வைதான் எல்லாவற்றுக்கும் தாய் என்று எழுதிவிட ஆசை வரும். அவசரப்பட வேண்டாம்: றொபேர்ட் சோனியாவைச் சந்திக்குமுன்னரே, 1906 அளவில், தனித்தனி நிறச் சதுரங்களால் படம் தீட்டியவர். இருவருக்கும் பின்னால் ஷெவ்றுல் நிற்கிறார்.

மிஷெல் ஷெவ்றுல் ஒரு இரசாயனவியலாளர். பாரிஸின் கொபெலென் நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தபோது, கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று முறைப்பாடு வந்தது. சாயத்தில் பழுதில்லை, பக்கத்தில் நெய்த நீலம் கறுப்பைக் கெடுக்கிறது என்று கண்டு, அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும் விதிகளை 1839 இல் புத்தகமாக்கினார். றொபேர்ட் வாசித்த கோட்பாடே ஒரு நெசவுக்கூடத்தில் பிறந்தது. மனைவி துணியில் செய்ததையும் கணவர் கன்வஸில் செய்ததையும் கைவினை, கலை என்று பிரித்து வைத்தவர்களுக்கு இது ஒரு நல்ல பதில்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறத் தாளில் 4 சென்றிமீற்றர் சதுரம் இரண்டு வெட்டுங்கள். ஒன்றை 20 சென்றிமீற்றர் அகலமான கடும் நீலத் துணியின் நடுவிலும், மற்றதை அதே அளவு செம்மஞ்சள் துணியின் நடுவிலும் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு மீற்றர் தள்ளி நின்று அரை நிமிடம் பாருங்கள். நீலத்தின் மேல் உள்ள சாம்பல் சற்று மஞ்சளாகவும், செம்மஞ்சளின் மேல் உள்ளது நீலமாகவும் சாயும். சாம்பல் மிகக் கறுத்திருந்தாலும் மிக வெளுத்திருந்தாலும் விளைவு தெளிவாகத் தெரியாது. இரண்டு துணியின் கடுமைக்கும் கிட்டிய நடுத்தரச் சாம்பல் வேண்டும். பளபளக்கும் பட்டும் சரிவராது, மினுக்கம் கண்ணை இழுத்துவிடும். பருத்திதான் நல்லது.

காசுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 1917 ரஷ்யப் புரட்சி வரை இந்தக் குடும்பத்தின் வருமானத்தில் பெரும்பங்கு சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் சோனியாவுக்கு இருந்த சொத்தின் வாடகை. அது நின்றதும் அவர் மட்றிட்டில் ஆடை, அலங்காரக் கடை திறந்தார். 1913 இல் கவிஞர் சந்திராருடன் சேர்ந்து 2 மீற்றர் நீள மடிப்புக் கவிதைப் புத்தகத்துக்கு நிறம் தீட்டியவர், அதன் பின் நெடுங்காலம் துணிக்குத் திரும்ப இதுவும் ஒரு காரணம். 1923 இல் கவிஞர் திரிஸ்தான் ட்சாராவை றொபேர்ட் தீட்டியபோது, கழுத்தில் இருப்பது சோனியா உருவாக்கிய சால்வை. மனைவியின் வடிவமைப்பு கணவரின் படத்துக்குள் நேராக நுழைந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

மெக்சிக்கோ ஓவியத் தம்பதியரான பிறீடா காலோ, டியேகோ றிவேரா பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்; ஒன்றே போதும். 1932 இல் டெட்றொயிற்றில் றிவேரா 27 சுவர்ப் பரப்புகளில் தொழிற்சாலையைத் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், காலோ தேவாலயங்களில் நேர்த்திக்கடனாக வைக்கும் படங்களின் முறையில், ஏறத்தாழ ஓரடி உயர உலோகத் தகட்டில் தன் கருச்சிதைவைத் தீட்டினார். மெக்சிக்கோ மக்கள் கலைமேல் இருவருக்கும் ஒரே பற்று. அது ஒருவரைச் சுவருக்கும் மற்றவரைத் தகட்டுக்கும் கொண்டுபோனது. கிட்ட இருப்பவர் செய்வதிலிருந்து விலகிப் போவதும் தாக்கத்தின் ஒரு வடிவம்.

தமிழ்நாட்டில் 1966 இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் எஸ்.ஜி. வாசுதேவும் அர்ணவாஸும் தம்பதியராக வேலை செய்தார்கள். அங்கிருந்தவர்கள் பத்திக் முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்று வாழ்ந்தவர்கள். அப்படியான இடத்தில் ஒரு தம்பதியரிடம் ஒரே மாதிரியான கோடோட்டம் தெரிந்தால், கிராமம் முழுவதற்கும் அது பொதுவா என்று பார்க்காமல் தாம்பத்தியத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

திருகோணமலையில் இதைப் பார்க்கும்போது

இங்கே பொதுவான காரணங்கள் எவையெவை என்று முதலில் கழித்துவிட வேண்டும். முதலாவது வெயில். ஐரோப்பிய நூல்கள், வடக்கு யன்னல் உள்ள அறையே ஓவியருக்கு உகந்தது, நேர் வெயில் விழாது என்று சொல்லும். திருகோணமலை வட அகலக்கோடு 8.5 பாகையில் இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி ஓகஸ்ட் முடியும்வரை நண்பகற் சூரியன் எங்களுக்கு வடக்கேதான் நிற்கும். காலையிலும் மாலையிலும் மார்ச் பிற்பகுதி முதல் செப்ரெம்பர் வரை வெயில் வடக்கு யன்னலால் சரிந்து வரும். அந்த மாதங்களில் தெற்கு அறைதான் நிலையான வெளிச்சம் தரும். மாரியில் இது தலைகீழாகிவிடும். ஆகவே ஒருவர் வடக்கு அறையிலும் மற்றவர் தெற்கு அறையிலும் இருந்தால், சித்திரையில் ஒருவரின் நிழல்கள் திடீரெனக் கூர்மையாவதும் ஐப்பசியில் மென்மையாவதும் யன்னலின் வேலை.

அடுத்தது காற்று. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அக்ரிலிக் சில நிமிடங்களில் தோல் கட்டிவிடும். நிறத்தை நிறத்தோடு கரைத்து இழுக்க நேரமில்லை. கோடு கட்டையாகும், நிறங்கள் பக்கம் பக்கமாக நிற்கும். ஆடி மாதப் படங்களில் இருவரிடமும் கட்டைக் கோடு கண்டால், ஒருவர் மற்றவரிடம் கற்றார் என்று சொல்லாதீர்கள். அதே வீட்டில் ஒருவர் எண்ணெய் வர்ணம் பாவித்தால் அவர் கோடு நீண்டுதான் இருக்கும், ஏனென்றால் எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நாட்கணக்கில் இறுகும். எண்ணெயிலும் அம்பர் மண்ணிறம் சீக்கிரம் காயும், ரைற்றானியம் வெள்ளை பிந்தும்.

மூன்றாவது, வீட்டுக்குள் வந்த வர்ண ரியூப். ஊர்க் கடையில் எந்த நீலம் கிடைக்கிறதோ அதுதான் இருவருக்கும் நீலம். அல்ட்ராமறீன் நீலம் ஊதாப் பக்கம் சாய்வது. மஞ்சளோடு கலந்தால் ஒலிவ் பச்சை வரும். உட்துறைமுகத்தின் கடும்பச்சை நீருக்கு அது போதும். தலோ நீலம் பச்சைப் பக்கம் சாயும், வீரியம் கூடியது, வெள்ளையோடு சேர்ந்தால் நிலாவெளியின் ஆழமற்ற கரைநீரின் நிறத்தைத் தரும். அல்ட்ராமறீனால் அதை எட்ட முடியாது. ஒரு மாதத்திலிருந்து இருவரின் கடலும் ஒன்றாக மாறினால் புதிய ரியூப் ஒன்று வந்திருக்கிறதா என்று கேளுங்கள். இதற்காகவே வீட்டில் ஒரு நிற அட்டை வைத்திருக்க வேண்டும்: ஒவ்வொரு ரியூப்பிலும் 2 சென்றிமீற்றர் சதுரம் மூன்று. முதலாவது தனி நிறம், அடுத்தது வெள்ளையோடு சரிபாதி, பிறகு ஒரு பங்கு நிறத்துக்கு நாலு பங்கு வெள்ளை. வாங்கிய மாதத்தைக் கீழே எழுதுங்கள். வெள்ளை ரியூப் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். கலவைத் தட்டும் தண்ணீர்ப் போத்தலும் தனித்தனியாக வேண்டும். ஒரே தண்ணீரில் இருவர் தூரிகையும் கழுவினால் இருவரின் மஞ்சளும் ஒரே சேற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

இவற்றைக் கழித்த பிறகுதான் படங்களை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரே வெளிச்சத்தில் நேராகப் படம்பிடித்து, 1 மீற்றருக்கு 10 சென்றிமீற்றர் என்ற அளவில் அச்சிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் அச்சிடுவதுதான் வழக்கமான பிழை. அளவு வேறுபாடு மறைந்து, கையடக்கப் படமும் சுவர் நிறைந்த படமும் உறவினர் போலத் தெரியத் தொடங்கும். தரையில் காலக்கோடு ஒன்று இழுத்து, மேலே ஒருவர், கீழே மற்றவர் என்று மாத வரிசையில் அடுக்குங்கள். ஒருமுறை நிறத்தோடும், பிறகு கறுப்பு வெள்ளையாகவும், கடைசியாகத் தலைகீழாகவும் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் வெளிச்சமும் இருளும் பகிர்ந்திருக்கும் விதம் தெரியும். தலைகீழாக வைத்தால் கோணமாமலை மலையாக இல்லாமல் ஒரு கனமாகத் தெரியும், படத்தின் எந்த மூலையில் அந்தக் கனம் உட்காருகிறது என்பதும் தெரியும். பாடுபொருள் ஒற்றுமை மலிவு. இந்த ஊரில் யார்தான் கோணேசர் மலையையும் மான்களையும் தீட்டாமல் விட்டது? கனம் உட்காரும் இடம் ஒத்துப்போவது அப்படியல்ல.

ஒற்றுமை ஒன்று கண்ணில் பட்டால், அது சந்திப்புக்கு முந்திய படங்களிலும் இருக்கிறதா, ஒருவர் வெளியூரில் இருந்த காலத்தில் தொடர்ந்ததா, இதே ஊரின் வேறொரு ஓவியரிடமும் காணப்படுகிறதா என்று சோதியுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு வெற்றிடங்களைத் தேடுங்கள். மேல் வரிசையில் கணவர் கொட்டியாரக்குடாவை நீலத்தால் நிரப்பிய அடுத்த ஆண்டு, கீழ் வரிசையில் மனைவியின் நீலம் ஒழிந்து காவியும் கறுப்புமாகப் போயிருந்தால், அது ஒற்றுமையைவிடப் பலமான சான்றாக இருக்கலாம். பக்கத்திலிருப்பவர் பிடித்துக்கொண்ட இடத்தை விட்டு வேறு இடம் தேடியிருக்கிறார். நீல ரியூப் வீட்டில் தீரவில்லை என்பதை மட்டும் நிற அட்டையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த வேலை முழுவதும் திகதியில் நிற்கிறது; இங்கே முதலில் அழிவதும் அதுதான். படத்தின் மூலையில் எழுதும் ஆண்டு முடித்த ஆண்டு. தொடங்கியது எப்போது என்று அது சொல்லாது. கன்வஸின் பின்னால் மார்க்கரால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் தெரியும். மாரியில் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்தால் எழுத்தே போய்விடும். ஆகவே சட்டப் பலகையின் மரத்தில், மென்மையான பென்சிலால் எழுதுங்கள்: தொடங்கிய மாதம், முடித்த மாதம், அறை, வர்ண வகை, அந்த நேரத்தில் மற்றவர் என்ன தீட்டிக்கொண்டிருந்தார். மற்றவர் இந்தப் படத்தில் தூரிகை வைத்திருந்தால் எந்த இடத்தில் என்பதையும் எழுதுங்கள். அதே விபரம் ஒரு கொப்பியிலும் இருக்கட்டும். படங்களைச் சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். ஒல்லாந்தர்குடாப் பக்கம் யன்னல் திறந்திருக்கும் வீடென்றால், பாதியில் நிற்கும் படத்தில் உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுப்பதால் அடுத்த பூச்சு சரியாக ஒட்டாமல் பிறகு உரியும். காய்ந்த அக்ரிலிக் பரப்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுத்து, காயவிட்டுத் தொடருங்கள்.

கண்காட்சிக்கு வைக்கும்போது ஆளுக்கொரு சுவர் என்று பிரிக்காமல் காலவரிசையில் கலந்து தொங்கவிடுங்கள்; படத்தின் நடு, தரையிலிருந்து 150 சென்றிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். பெயர் அட்டைகளில் எழுத்தின் அளவு இருவருக்கும் ஒன்றாக வேண்டும். ‘இன்னாரின் துணைவி’ என்ற வரி வேண்டாம். அதற்குப் பதிலாக அறை, மாதம், அளவு, வர்ணம் நான்கையும் போடுங்கள்.